சாயத் தொட்டியில் குறையும் உப்பே வயலைக் காக்கும்

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. திருப்பூருக்குக் கிழக்கே ஒரத்துப்பாளையத்தில் இந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1992-ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் பகுதிகளில் ஏறத்தாழ இருபதாயிரம் ஏக்கர் நிலம் பாசனம் பெறும் என்பது திட்டம். ஆனால் சில ஆண்டுகளிலேயே, பாசனம் பெற வேண்டிய உழவர்களே "அணையைத் திறக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. அணையில் தேங்கி நின்றது வெள்ள நீரோடு கலந்த சாயக் கழிவு நீர். அதைப் பாய்ச்சினால் பயிர் கருகும், கிணறும் கெடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டனர்.

இதையொட்டி நடந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல், சாயப்பட்டறைகள் கழிவு நீரைச் சிறிதும் வெளியே விடக்கூடாது என்ற நிலையை அடைய வேண்டும் என ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009-இல் இதனை உறுதி செய்தது. ஆணை முழுமையாக நிறைவேறாததால், 2011 ஜனவரி இறுதியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பின்னர் கழிவு நீரை முழுவதுமாகச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடுகளைச் செய்துகொண்ட ஆலைகள் படிப்படியாக இயங்கத் தொடங்கின.

இந்த நீண்ட வரலாற்றில் பெரும்பாலும் பேசப்பட்டது, வெளியேறும் கழிவை எவ்வாறு சுத்தம் செய்வது என்பதே. கழிவே குறைவாக உண்டாகும்படி ஆலையை எவ்வாறு அமைப்பது என்ற கேள்வி அதற்கும் முந்தியது. சாயத் தொழிலைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு உப்பே விடை சொல்கிறது.

உப்பு எதற்கு?

பனியன் துணி பருத்தி நூலால் ஆனது. இதற்குப் பெரும்பாலும் "ரியாக்டிவ்" வகைச் சாயங்கள் பயன்படுகின்றன. 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த வகைச் சாயம் பருத்தி இழையுடன் வேதி முறையில் பிணைந்துகொள்வதால், துவைத்தாலும் எளிதில் போகாது. ஆனால் நீரில் நனைந்த பருத்தி இழைக்கும், கரைந்த சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம் உண்டு. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். தொட்டியில் உப்பைக் கொட்டினால் இந்த விலக்கம் குறைந்து, சாயம் நீரை விட்டு இழையை நாடிச் செல்கிறது. அதன் பின்னர் சலவைச் சோடாவைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தியதும் சாயம் இழையுடன் பிணைகிறது.

உப்பின் வேலை சாயத்தைத் தள்ளிவிடுவதோடு முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை. போட்ட உப்பு அத்தனையும் சாய நீரிலும், அடுத்து அலசும் நீரிலும் வெளியே வந்துவிடுகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 100 கிலோ துணிக்குச் சாயமேற்ற, பழைய "வின்ச்" இயந்திரத்தில் 1,000 லிட்டர் நீர் வேண்டும். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று கொண்டால், 60 கிலோ உப்பு தொட்டியில் விழுகிறது. கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களுக்கு இதைவிடக் கூடுதலாகவும் போடுவதுண்டு. 100 கிலோ துணி ஆலையை விட்டுப் போகும்போது, 60 கிலோ உப்பு ஆலையிலேயே நிற்கிறது. அதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

சுத்திகரிப்பில் போகாத உப்பு

தொடக்கத்தில் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவு நீருடன் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலக்கப்பட்டன. நிறம் திரண்டு சேறாக அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்வைக்கு நல்ல நீர் போலத் தோன்றினாலும், உப்பு அப்படியே அதில் இருந்தது. சேர்க்கப்பட்ட மருந்துகளால் சற்றுக் கூடியும் இருந்தது. காரத்தைத் தணிக்க அமிலம் ஊற்றினால், அதுவும் சோடாவுடன் சேர்ந்து மற்றோர் உப்பாகவே மாறுகிறது.

சாக்கடை நீரிலுள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று அழிக்கும். உப்பைத் தின்னும் நுண்ணுயிர் எதுவும் இல்லை. அதனை எரிக்கவும் இயலாது. மேலும் நீர் கலந்தால் செறிவு குறையுமே தவிர, உப்பின் எடை குறையாது. மேலே கண்ட 60 கிலோ உப்பை லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற அளவுக்கு நீர்க்கச் செய்ய, 28,000 லிட்டருக்கு மேல் நல்ல நீர் வேண்டும். இது 100 கிலோ துணிக்கு மட்டும்!

வயலின் கணக்கு

லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது, வெளியேற்றும் ஆலைக் கழிவு நீரில் கரைந்த உப்புகளுக்குத் தமிழகத்தில் விதிக்கப்பட்ட உச்ச வரம்பு. இந்த வரம்புக்குள் இருந்தால் பயிருக்குத் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இதனை உழவர்கள் தங்கள் வயலை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு தண்ணீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் உப்புள்ள நீரானால், அதில் 420 கிலோ உப்பு இருக்கும். ஐம்பது கிலோ மூட்டையாகச் சொன்னால் எட்டு மூட்டைக்கும் மேல். பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் நான்கு டன்னைத் தாண்டும். பயிர் நீரை உறிஞ்சுகிறது. வெயில் நீரை ஆவியாக்குகிறது. உப்பு மண்ணில் நின்றுவிடுகிறது. நல்ல மழை பெய்து கீழே அடித்துச் சென்றால்தான் அது குறையும். அப்படிச் சென்றாலும் கிணற்று நீரில் போய்ச் சேரும்.

மின் கடத்தும் திறனில் சொன்னால், 2,100 மில்லிகிராம் என்பது சுமார் 3.3 டெசி சைமன். உலக உணவு, வேளாண்மை நிறுவனம் 1985-இல் வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டியின்படி, 0.7-க்குக் கீழ் உள்ள நீரை அச்சமின்றிப் பாய்ச்சலாம். 3-க்கு மேல் போனால் பயன்படுத்துவதில் கடும் கட்டுப்பாடு வேண்டும். வெங்காயம், அவரை வகைகள் மண்ணில் உப்பு சிறிது ஏறினாலும் விளைச்சல் குறையும். வாழையும் தாங்காது. பருத்தியும் சோளமும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

உப்பு மட்டுமன்றி, அதிலுள்ள சோடியமும் மண்ணைக் கெடுக்கிறது. களித் துகள்கள் பிரிந்து அடைத்துக்கொள்வதால் நீர் இறங்காது, காய்ந்தால் நிலம் பாளமாக இறுகும், ஏர் இறங்காது. எனவே வரம்புக்கு உட்பட்ட நீரும் பாசனத்துக்கு ஏற்ற நீர் ஆகிவிடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிரித்தெடுப்பதன் விலை

இன்று சாயக் கழிவு நீர் "ஆர்.ஓ." சவ்வுகளின் வழியே அழுத்தப்பட்டு, நல்ல நீர் பிரித்தெடுக்கப்படுகிறது. எஞ்சும் செறிந்த உப்பு நீர் ஆவியாக்கிகளில் கொதிக்க வைக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகும். ஒரு கலத்தில் எழும் ஆவியைக் கொண்டு அடுத்த கலத்தைச் சூடாக்கும் பல அடுக்கு முறையால் இச்செலவு குறைகிறது. ஆயினும் விறகும் மின்சாரமும் கணிசமாகவே தேவைப்படுகின்றன.

செலவு ஏறும்போது, இரவு வேளையில் கழிவைத் திறந்துவிடும் ஆசையும் ஏறுகிறது. மழைக்காலத்தில் ஓடையில் நிறம் மாறி நீர் வந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் கீழ்க்கரை உழவர். ஆகவே சுத்திகரிப்பின் செலவைக் குறைப்பது ஆலைக்காரரின் கவலை மட்டும் அன்று. அதில் உழவரின் நலனும் அடங்கியிருக்கிறது. அச்செலவைக் குறைக்க உறுதியான வழி, தொட்டியில் போடும் உப்பையும் நீரையும் குறைப்பதே.

தொழில் உலகில் இது புதிய கருத்து அன்று. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975-ஆம் ஆண்டிலேயே, மாசு உண்டாகாமல் தடுப்பது இலாபமும் தரும் என்ற அடிப்படையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பசுமை வேதியியலுக்கு ஆனஸ்டாஸ், வார்னர் என்னும் அறிஞர்கள் 1998-இல் வகுத்த பன்னிரண்டு நெறிகளில் முதலாவது, கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட, உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பதாகும்.

ஆலை அமைப்பில் செய்யக்கூடிய மாற்றங்கள்

1. குறைந்த நீர் பிடிக்கும் இயந்திரம்: உப்பும் சோடாவும் துணியின் எடைக்கு அன்றி, தொட்டி நீரின் அளவுக்கே போடப்படுகின்றன. ஆகவே நீர் குறைந்தால் இரண்டும் தாமாகக் குறையும். ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் நீர் பிடிக்கும் வின்சுக்குப் பதிலாக 6 லிட்டர் பிடிக்கும் "சாப்ட் ப்ளோ" இயந்திரத்தை அமைத்தால், 100 கிலோ துணிக்கு 600 லிட்டர் நீர் போதும்; உப்பு 60 கிலோவிலிருந்து 36 கிலோவாகும். ஒரு டன் துணிக்கு 240 கிலோ உப்பு மிச்சம். நீரைச் சூடாக்கும் விறகும் அந்த அளவுக்குக் குறையும்.

2. நன்கு பிணையும் சாயம்: பழைய வகைச் சாயங்களில் 100 கிராமுக்கு 30 முதல் 40 கிராம் வரை இழையோடு பிணையாமல் நீரோடு வினைபுரிந்து வீணாகும். அதனைக் கழுவி நீக்கவே பல முறை அலச நேரிடுகிறது. இழையைப் பற்றிக்கொள்ள இரண்டு பிடிகள் கொண்ட சாயங்களில் 80 கிராமுக்கு மேல் பிணைகிறது. குறைந்த உப்பிலேயே ஏறக்கூடிய சாயங்களும் கிடைக்கின்றன. கிலோ விலை கூடுதலானாலும், உப்பு, நீர், சுத்திகரிப்புச் செலவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டே விலையை ஒப்பிட வேண்டும்.

3. முதல் முறையிலேயே சரியான நிறம்: நிறம் ஒத்துவராத துணியை மீண்டும் தொட்டியில் போட்டால் உப்பும் மீண்டும் விழும். நீரின் கடினத்தன்மை, எடை, வெப்பநிலை ஆகியவற்றைக் கண் மதிப்பாக விடாமல் அளந்து நடத்தவும், சாயத்தையும் சோடாவையும் இயந்திரமே சிறிது சிறிதாக விடவும் ஏற்பாடு செய்தால் இவ்வீணைத் தவிர்க்கலாம்.

4. நீர்களைக் கலக்காத குழாய் அமைப்பு: சாயம் ஏற்றி முடித்ததும் தொட்டியை வடித்தால், 100 கிலோ துணி ஏறத்தாழ 250 லிட்டர் நீரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். ஆக, 1,000 லிட்டரில் 750 லிட்டர் வடியும். அதனுடன் 60 கிலோவில் 45 கிலோ உப்பும் வெளியேறும். வெளுப்பு முதல் கடைசி அலசல் வரை எட்டுத் தொட்டி நீர் வடிகிறது என்று கொண்டால், எட்டில் ஒரு பங்கு நீரிலேயே முக்கால் பங்கு உப்பு இருக்கிறது. இதனைத் தனிக் குழாயில் பிரித்தால், மிகுதி நீரைச் சவ்வுகளில் எளிதாகச் சுத்தம் செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே சாக்கடையில் விட்டுவிட்டு, பிறகு செலவிட்டுப் பிரிப்பது வைக்கோலையும் நெல்லையும் மீண்டும் கலந்துவிட்டுத் தூற்றுவதற்கு ஒப்பாகும்.

5. ஒரே வகை உப்பு: சில ஆலைகள் சாதாரண உப்பையும், சில ஆலைகள் சோடியம் சல்பேட் என்னும் கிளாபர் உப்பையும் பயன்படுத்தி, கழிவு ஒரே நிலையத்துக்கு வந்தால், இறுதியில் கிடைப்பது கலப்பு உப்பு. நிறமும் கடினத்தன்மையும் சேர்ந்த அதனை மீண்டும் சாயத்துக்குப் பயன்படுத்த இயலாது. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்க வேண்டியதாகிறது. மழை பட்டால் அது மறுபடியும் ஓடைக்கே வரும். கிளாபர் உப்பு மட்டும் பயன்படுத்தப்பட்டால், செறிந்த நீரைக் குளிரவைத்து உப்பைப் படிகமாகப் பிரிக்கலாம். 32 டிகிரிக்குக் கீழே அதன் கரையும் தன்மை விரைவாகக் குறைவதே இதற்குக் காரணம். இவ்வுப்பின் விலை சாதாரண உப்பைவிடக் கூடுதல். ஆயினும் திரும்பக் கிடைப்பதால் நாளடைவில் செலவு ஈடாகிறது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை அரிப்பதும் குறைவு.

6. உப்பு நீரையே திரும்பப் பயன்படுத்துதல்: நிறத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் நீக்கிய செறிந்த உப்பு நீரை, ஆவியாக்காமல் அப்படியே அடுத்த தொட்டிக்கு அனுப்பலாம். திருப்பூர் வட்டாரத்தில் 2011-க்குப் பின்னர் இம்முறை நடைமுறைக்கு வந்தது. ஆவியாக்கும் செலவும் புதிதாக வாங்கும் உப்பும் இதனால் ஒருசேரக் குறைகின்றன.

உப்பே இல்லாமல் முடியுமா?

குறிப்பிட்ட அளவுக்கு முடியும். சாயமும் காரமும் கலந்த கரைசலில் துணியைத் தோய்த்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, சாதாரண வெப்பநிலையிலேயே பல மணி நேரம் சுழலவிடும் முறை ஒன்று உண்டு. நீர் மிகக் குறைவாக இருப்பதால் சாயத்தைத் தள்ள உப்பு தேவைப்படுவதில்லை. நெசவுத் துணிக்கு இது நன்கு பொருந்தும். குழாய் வடிவில் பின்னப்படும் பனியன் துணியைப் பிளந்து விரித்த பின்னரே இதில் ஓட்ட முடியும். சுருக்கமும் ஓரங்களில் நிற வேறுபாடும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இம்முறையில் சிலிக்கேட் சேர்க்கப்பட்டால், அது சவ்வுகளில் படிந்து அடைக்கும் என்பதையும் கருத வேண்டும்.

பருத்தியின் மின்னேற்றத்தையே மாற்றி, உப்பின்றிச் சாயத்தை ஈர்க்கச் செய்யும் முறையும் உள்ளது. நிறம் சீராகப் படியச் செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும். மாற்றுவதற்குப் பயன்படும் மருந்தின் எச்சம் வேறொரு கழிவாகிவிடக் கூடாது. எனவே எந்த முறையானாலும், ஒன்றைக் குறைத்து வேறொன்றைக் கூட்டுகிறதா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

உப்புக் கணக்கு

ஆலை சரியாக நடக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. உப்பு துணியில் தங்குவதில்லை, ஆவியாவதில்லை, அழிவதுமில்லை. ஆகவே ஓராண்டில் வாங்கிய உப்பும் சோடாவும் எவ்வளவு, மீட்டுப் பயன்படுத்தியது எவ்வளவு, கொட்டகையில் இருப்பது எவ்வளவு என்று மூன்று வரிகளில் கணக்கு எழுதிவிடலாம். ஒரு சாயப்பட்டறையில் மீட்பு நன்றாக நடந்தால், புதிதாக வாங்கும் உப்பு, தொட்டிகளில் போடும் மொத்த உப்பைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். வாங்கிய உப்புக்கு ஈடான உப்பு கொட்டகையிலோ மீட்டுப் பயன்படுத்தும் நீரிலோ இல்லை என்றால், கணக்கில் வராத உப்பு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது போகும் இடம் ஓடையாகவோ நிலத்தடி நீராகவோ இருக்கலாம்.

நீர் மாதிரி எடுப்பவர் வரும் நாளில் கழிவை நிறுத்திவிடலாம். ஆண்டுக் கணக்கில் வாங்கிய மூட்டைகளை அவ்வாறு மறைப்பது எளிதன்று. பாசன சங்கங்கள், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுடன் நடைபெறும் கூட்டங்களில், நீர் ஆய்வு முடிவுகளோடு இந்த உப்புக் கணக்கையும் கேட்டுப் பெறுவது பயன்தரும்.

உழவர்கள் கவனத்துக்கு

கொங்குப் பகுதியில் பாறைகளின் தன்மையால் இயற்கையாகவே சற்று உப்பான கிணறுகளும் உண்டு. எனவே ஐயத்துக்கு இடமின்றி அறிய, ஆண்டுக்கு இரு முறை, கோடையிலும் மழைக்குப் பின்னரும், கிணற்று நீரை ஆய்வு செய்து முடிவுகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் கழுவிய பிளாஸ்டிக் புட்டியில் ஒரு லிட்டர் பிடித்து, பெயர், சர்வே எண், தேதி ஆகியவற்றை எழுதி, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். மின் கடத்தும் திறன், சோடியம், குளோரைடு, சல்பேட் ஆகியவற்றைத் தவறாமல் கேட்டுப் பெற வேண்டும். ஆண்டுதோறும் சேரும் இச்சான்றுகளே பின்னர் இழப்பீடு கோரவும் துணை செய்யும்.

சோடியத்தால் இறுகிய நிலத்துக்கு ஜிப்சம் இடுவது நல்லது. ஆனால் ஜிப்சம் உப்பை அகற்றாது. விடுபட்ட சோடியத்தை அடித்துச் செல்ல நல்ல நீரும், அது வடிந்து போக வடிகாலும் இருந்தால்தான் பலன் கிட்டும். வரப்பை உயர்த்தி மழை நீரை வயலிலேயே தேக்குவதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் செலவு குறைந்த வழிகள். உப்பு நீரில் சொட்டு நீர்ப் பாசனம் செய்வோர், மழை தூறத் தொடங்கியதும் மோட்டாரை நிறுத்திவிடக் கூடாது. ஈர வட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த உப்பு, சிறு மழையில் வேர்ப் பகுதிக்கு வந்துவிடும். மழை நன்றாக இறங்கும்வரை சொட்டு நீரைத் தொடர வேண்டும்.

இவை அனைத்தும் கெட்ட நிலத்தைச் சற்றே தேற்றும் வழிகள். நான்கு டன் உப்பு ஏறிய ஏக்கரைச் சரிசெய்ய ஆகும் நீரும் காலமும், அந்த உப்பைத் தொட்டியில் போடாமல் தவிர்க்க ஆகும் செலவைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே புதிய சாயப்பட்டறைக்கோ விரிவாக்கத்துக்கோ அனுமதி கேட்கப்படும்போது, கழிவை எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்பதற்கு முன்னால், ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் நீரும் எத்தனை கிராம் உப்பும் போடுவீர்கள் என்று கேட்கப்பட வேண்டும்.